சைக்கிள் தந்தீர்கள், பாதை எங்கே?

பிளஸ் ஒன் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் தமிழக அரசு விலையில்லாமல் ஒரு சைக்கிள் தருகிறது. பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ வந்து கொடுக்க, புகைப்படம் எடுத்து அனுப்பிவைக்கிறார்கள். பள்ளி வாசலைத் தாண்டிச் சாலையில் ஏறியதும் அந்தப் பிள்ளையை அரசு கைவிட்டுவிடுகிறது. கோவில்பட்டியிலும் அதைச் சுற்றியிருக்கும் கரிசல் ஊர்களிலும் ஆண்டுதோறும் நடப்பது இதுதான். வண்டி கொடுத்தது அரசு. சாலை போட்டதும் அரசு. அந்தச் சாலையில் அந்த வண்டிக்கு ஒரு முழ அகலம்கூட ஒதுக்காததும் அதே அரசு. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். உடனே திருத்த வேண்டும் என்று கேட்கிறோம்.

திட்டத்தைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பிறகு மற்ற மாணவியருக்கும், மாணவருக்கும் விரிந்த திட்டம் அது. ஆட்சி மாறினாலும் நிற்காமல் நடக்கும் திட்டங்கள் இந்த மாநிலத்தில் சில உண்டு. அவற்றில் இதுவும் ஒன்று என்பதில் பெருமைப்படலாம். ஒரு சைக்கிள் பெண் பிள்ளையின் படிப்புக்கு என்ன செய்யும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. பிகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்ததைக் காட்டினார்கள். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. நம் கரிசல் கிராமங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான்.

பிகாருக்குப் போவானேன்? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தே கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோக, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் மணியடித்துக்கொண்டு திரண்டு வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகமே படித்தது. வானம் பார்த்த ஒரு வறண்ட மாவட்டம் செய்து காட்டியது அது. முப்பது ஆண்டு கழித்து, சைக்கிளை அரசே கொடுக்கும் காலத்தில், அதே போன்ற இன்னொரு வறண்ட வட்டாரத்துத் தாய், “ரோடு சரியில்லை, நீ ஓட்ட வேண்டாம்” என்று மகளின் வண்டியைத் திண்ணையில் சாத்தி வைக்கிறாள். அந்தத் தாயை யாராலும் குறை சொல்ல முடியாது. அவளுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கரிசல் காட்டுச் சாலை எப்படிப்பட்டது என்று சென்னையில் மதிப்பீடு போடுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே இருந்து வேலை பார்க்கும் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. கரிசல் மண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போட்ட தாரின் விளிம்பு ஒவ்வொரு கோடையிலும் ஒடிந்து உதிர்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவதால் ஒவ்வொரு முறையும் சாலை உயர்கிறது; ஓரத்து மண்ணை யாரும் உயர்த்துவதில்லை. விளைவு, தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடித்து ஓரத்துக்கு விரட்டும்போது, லாரிக்காரனுக்கும் பைக்காரனுக்கும் அந்தப் பள்ளம் ஒரு குலுக்கல். சைக்கிளில் போகிறவருக்கு அதுவே விழும் இடம். முன்சக்கரம் விளிம்பில் இறங்கினால் திரும்ப ஏறாது. வழுக்கிக்கொண்டு வண்டி சாலையின் பக்கமாகவே சாயும். அப்படிச் சாய்கிறவர் விழுவது பின்னால் வரும் சக்கரத்தின் முன்னால்.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் ஓரத்து மண்ணில் இறங்கினால் கரிசல் சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொள்ளும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகி, பிரேக் கட்டையைக் கவ்வி, வண்டி நகராது. பிள்ளை ஈர்க்குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்துவிட்டு, கடைசியில் வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மழைக்குப் பிறகு ஓரமெல்லாம் வேலிக்கருவை தளிர்த்து, தாரின்மேலேயே கையை நீட்டும். அதன் முள் டயரையும் கிழிக்கும், முகத்தையும் கிழிக்கும். ஆனி, ஆடியிலோ மேற்கேயிருந்து வீசும் காற்று. கயத்தாறு பக்கம் காற்றாலைகளை நட்டது எந்தக் காற்றை நம்பியோ, அதே காற்று பக்கவாட்டில் அடித்துச் சைக்கிளை நடுச்சாலைக்குத் தள்ளும். இப்படி மண், முள், காற்று மூன்றும் நெருக்கும் நாட்டில், சாலையோரத்தைக் கிராவல் கொட்டி இறுக்கி, தார் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மேலே ஒன்றரை மீட்டர் அகலத்துக்காவது தார் போட்டுக் கோடு கிழிப்பது அலங்கார வேலையாகாது. சாலை என்ற சொல்லுக்கே அதுதான் முதல் தகுதி. ஓரம் இல்லாத சாலையை முடித்துக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டு ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் செய்கிற ஒவ்வொரு அதிகாரியையும் இந்தக் கண்டனம் சேரும்.

நான்குவழிச் சாலைக்கு வருவோம். எட்டூர்வட்டம் சுங்கச்சாவடிக்கும் சாலைப்புதூர் சுங்கச்சாவடிக்கும் இடையில் கோவில்பட்டி இருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் லாரிக்கும் கணக்குப் பார்த்துக் கட்டணம் வாங்கத் தெரிந்த தேசிய நெடுஞ்சாலை ஆணையம், அந்தச் சாலையை ஒட்டி வாழும் கிராமத்து மனிதர் மறுபக்கம் போவதற்குக் கணக்குப் பார்க்கவில்லை. தடுப்புச்சுவரின் திறப்பு எங்கோ தூரத்தில் இருக்கும். எதிர்ப்புறத்துப் புஞ்சைக்கோ பள்ளிக்கோ போக அவர் அவ்வளவு தூரம் வேகச் சாலையில் போய்த் திரும்பி வர வேண்டும். யாருக்கும் அது சாத்தியமில்லை. அதனால் எதிர்த்திசையிலேயே ஓரமாக மிதிக்கிறார், அல்லது தடுப்பின் சந்தில் வண்டியைத் தூக்கிக் கடக்கிறார். விபத்து நடந்தால் “தவறான திசையில் வந்தார்” என்று வழக்கை முடிக்கிறார்கள். தவறான திசைக்கு அவரைத் தள்ளியது சாலையின் வரைபடம். அந்த வரைபடத்தில் கையெழுத்திட்டவர் பெயர் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் வருவதில்லை.

இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்குக் கோவில்பட்டியில் அரசு நினைவரங்கம் கட்டி 2022 டிசம்பரில் திறந்தது. கரிசல் மண்ணின் எழுத்துக்கு அரசு செய்த மரியாதை அது, வரவேற்கிறோம். கேட்பது ஒன்றே. இடைசெவலிலிருந்தோ நாலாட்டின்புதூரிலிருந்தோ ஒரு பள்ளிப் பிள்ளை, அரசு கொடுத்த சைக்கிளில், உயிருக்கு அஞ்சாமல் அந்த நினைவரங்கத்துக்கு வந்து போக வழி உண்டா? சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருந்தால், விட்டுப்போன இடத்தில் இணைத்தால், பாலத்தின் அடியில் சைக்கிள் நுழைய இடம் விட்டால் நிச்சயம் முடியும். அந்த வழியைத்தான் கேட்கிறோம்.

நகருக்குள் மெயின் ரோட்டையும் எட்டயபுரம் சாலையையும் காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் வந்து பாருங்கள் என்று நகராட்சி ஆணையரையும் போக்குவரத்துக் காவல்துறையையும் அழைக்கிறோம். தனியார் பேருந்து, மினி பஸ், தீப்பெட்டி ஆபீஸ் வேன், கல்லூரிப் பேருந்து, லோடு ஆட்டோ எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே சாலையில். ஓரத்தில் இரண்டு வரிசை பைக்குகள் நிற்கின்றன. அவற்றுக்கும் பேருந்துக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளிதான் சைக்கிளுக்கு. கடை வாசலில் நிற்கும் காரின் கதவு திடீரென்று திறந்தால் அந்தப் பிள்ளை எங்கே ஒதுங்குவாள்? வணிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடைக்கு முன்னால் இருக்கும் சாலை கடைக்குச் சொந்தமில்லை. உங்கள் வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று நகராட்சியிடம் கேளுங்கள், நாமும் சேர்ந்து கேட்போம். அதற்காகப் பள்ளிப் பிள்ளையின் வழியை அடைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

இதையெல்லாம் சொன்னால் அதிகாரிகளிடமிருந்து வரும் பதில் நமக்குப் பழக்கமானது. “இப்போது யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?” என்பது முதல் பதில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. கார் நூற்றுக்கு ஐந்து வீட்டில்கூட இருக்கவில்லை. அந்த ஐந்துக்காகச் சாலையை அகலப்படுத்தினோம். நாற்பத்தைந்தைப் பற்றி விசாரிக்கவே இல்லை. பால்காரர், இரவுக் காவல் முடிந்து திரும்பும் வாட்ச்மேன், கட்டடத்துக்குப் போகும் சித்தாள், கடலை மிட்டாய்ப் பட்டறையிலிருந்து பெட்டி கட்டிச் செல்லும் பையன் இவர்களெல்லாம் அதிகாரியின் கார் கண்ணாடி வழியாகக் கண்ணில் படாமல் போகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்டியைக் கொடுத்ததே அரசு என்பதால், அவர்களைப் பற்றித் தெரியாது என்று சொல்ல அரசுக்கு வழியே இல்லை. எத்தனை வண்டி, எந்தப் பள்ளிக்கு, எந்த ஆண்டு என்று பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் கல்வித் துறையிலிருந்து நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு நகல் அனுப்ப இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

இன்னொன்றும் நினைவூட்ட வேண்டும். இந்த மாநிலத்தில் சைக்கிளுக்கு வரி வாங்கிய காலம் உண்டு. பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் காசு கட்டி, தகட்டு வில்லையை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். விளக்கு இல்லாமல் போனால் வழக்கு, டபுள்ஸ் போனால் வழக்கு. அப்போது சைக்கிள்காரன் அரசின் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தான். வாங்கிய வரிக்கு அவனுக்கென்று ஒரு அடி பாதை போடவில்லை. வரி போன பிறகு அவனையே மறந்துவிட்டார்கள்.

“சாலை குறுகல், தனிப் பாதைக்கு விதி இடம் கொடுக்காது” என்பது இரண்டாவது பதில். விதி என்ன சொல்கிறது என்பதை நாமே எடுத்து வைக்கிறோம். இந்தியச் சாலைகளுக்குத் தரம் வகுக்கும் ஐ.ஆர்.சி. அமைப்பு, சைக்கிள் பாதைகளுக்கென்றே 11ஆம் எண் வழிகாட்டியை 1962இல் வெளியிட்டது. 2015இல் அதைத் திருத்தி எழுதியது. அந்தப் பழைய 1962 வழிகாட்டியே சொல்கிறது: நெரிசல் நேரத்தில் மணிக்கு 400 சைக்கிள் போனால், மோட்டார் வாகனம் 100 முதல் 200 வரை இருந்தாலே தனிப் பாதை போடலாம், மோட்டார் வாகனம் மணிக்கு 200ஐத் தாண்டிவிட்டால் 100 சைக்கிள் போனாலும் தனிப் பாதை நியாயம். எட்டயபுரம் சாலையில் மணிக்கு 200 மோட்டார் வாகனம் போகவில்லை என்று எந்தப் பொறியாளராவது கையெழுத்திட்டுச் சொல்வாரா? பள்ளி விடும் நேரத்தில் நூறு சைக்கிள் போகிறதா இல்லையா என்று எண்ணிப் பார்க்க நாலு ஆளும் ஒரு நோட்டும் போதும். அறுபது ஆண்டுக்கும் மேலாகக் கையில் இருக்கும் விதியை இந்த ஊரில் ஒரு முறையாவது அளந்து பார்த்தீர்களா என்பதே நம் கேள்வி. யானை வாங்கிக் கொடுத்தவர்கள் அங்குசத்துக்குக் காசில்லை என்கிறார்கள்.

“அவர்கள் விதியை மதிப்பதில்லை” என்ற மூன்றாவது பதில் மன்னிக்க முடியாதது. பதினாறு வயதுப் பிள்ளையின் எலும்பையும் பத்து டன் லாரியின் இரும்பையும் ஒரே சாலையில் விட்டுவிட்டு, இருவரும் சமமாக விதி மதிக்க வேண்டும் என்று உபதேசிப்பது கொடுமை. 2022ஆம் ஆண்டுக்கான மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பாருங்கள். நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. சைக்கிளில் போனவர்கள் ஏறத்தாழ 4,800. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105 விபத்து, 17,884 சாவு. இத்தனை பேரும் விதியை மதிக்காததால் செத்தவர்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா?

சட்டமும் பொறியாளரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ தரம் தவறி அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு சாலைப் பாதுகாப்பில் நாட்டையே அசைத்தது. உடைந்த எலும்புகளை ஆண்டுக்கணக்காக ஒட்டவைத்த மருத்துவர் ஒருவர், உடைவதைத் தடுங்கள் என்று போட்ட வழக்கு அது. அதே வழக்கில் 2025 அக்டோபரில், நடப்போருக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் சாலையில் உரிய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாக எழுதிவைத்தது. அந்தக் கொள்கை சென்னையோடு நிற்பதற்கு என்ன காரணம்? 2011 கணக்கில் 95,057 பேர் வாழ்ந்த கோவில்பட்டி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சைக்கிளிலேயே போய்விடக்கூடிய ஊர். இந்த ஊருக்கு அது பொருந்தாது என்று யார் முடிவு செய்தது?

இன்று சைக்கிள் நாடு என்று நாம் வியக்கிற நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3,300 பேர் சாலையில் செத்தார்கள். அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். “குழந்தைக் கொலையை நிறுத்து” என்ற பெயரிலேயே பெற்றோர் ஓர் இயக்கம் தொடங்கித் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே அரசாங்கம் பாதை போட்டது. கோவில்பட்டிப் பெற்றோரும் மெயின் ரோட்டில் வந்து உட்கார்ந்தால்தான் இங்கே கோடு கிழிப்பீர்கள் என்றால், அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள்.

நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. பள்ளிகளைச் சுற்றிய சாலைகளில் பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடப்போரும் சைக்கிளும் மோட்டாரும் கலக்கும் இடங்களில் இந்த 30தான் உச்சம் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு அறிவித்தது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை நம் பிள்ளைகளே இயற்பியல் பாடத்தில் படிக்கிறார்கள். பலகை மட்டும் நட்டுவிட்டுப் போனால் ஏற்க மாட்டோம். வர்ணம் அடித்த, தரப்படியான வேகத்தடையும் அந்த நேரத்தில் ஒரு காவலரும் வேண்டும். எட்டயபுரம், கடலையூர், பசுவந்தனை, மந்தித்தோப்பு, இளையரசனேந்தல் சாலைகளில் இனி எந்த ஒப்பந்தம் விட்டாலும், ஓரத்தைத் தார் மட்டத்துக்கு உயர்த்தி இறுக்கும் செலவு மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். அது இல்லாத மதிப்பீட்டை மாவட்ட ஆட்சியர் திருப்பி அனுப்ப வேண்டும். வேலிக்கருவையை மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் வேரோடு எடுக்க வேண்டும். கிளையை மட்டும் கழித்தால் இரண்டு மாதத்தில் இரட்டிப்பாக வரும். நான்குவழிச் சாலையில் விட்டுப்போன சர்வீஸ் ரோட்டை நெடுஞ்சாலை ஆணையம் இணைத்துத் தர வேண்டும்.

பெண்களுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லையே, பிறகு சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பேருந்து வரும் ஊருக்கு அது வரம்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வருகிற ஊரில், மாலை சிறப்பு வகுப்பு முடிந்து வெளியே வருகிற பிள்ளைக்கு அந்தப் பேருந்து போய் வெகுநேரம் ஆகியிருக்கும். அவளுக்குத் தன் காலும் தன் வண்டியும்தான் நம்பிக்கை. ஆட்டோவுக்குக் கொடுக்க அவள் வீட்டில் காசு இல்லை என்பதால்தான் அரசு வண்டி கொடுத்தது.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு நாம் தேதி குறித்தே கேட்கிறோம். வருகிற ஜூனில் பள்ளி திறந்த முதல் மாதத்துக்குள், கோவில்பட்டியின் பள்ளிச் சாலைகள் ஒவ்வொன்றிலும் காலையும் மாலையும் எத்தனை சைக்கிள், எத்தனை மோட்டார் வாகனம் என்று எண்ணி, அந்தக் கணக்கை நகராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். எந்தச் சாலை 1962 வழிகாட்டியின் அளவைத் தாண்டுகிறதோ, அந்தச் சாலையில் சைக்கிள் பாதை எப்போது வரும், எந்த நிதியில் வரும், எந்த அதிகாரி பொறுப்பு என்பதையும் அதன் கீழேயே எழுத வேண்டும். அடுத்த முறை பந்தல் போட்டுச் சைக்கிள் கொடுக்க வரும் அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். மேடையில் அதைப் படித்துக் காட்டிவிட்டு வண்டியைக் கொடுக்க வேண்டும்.